மாக்குளிசையும் ஜாம் போத்தலும்

என் மனைவி என்னை உற்றுப் பார்த்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாலும், தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாலும் அவள் கண்ணில் படாது. ஆனால் ஒரு பின்னேரம் நான் தேத்தண்ணி குடித்ததை, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில், இரண்டு பெண்பிள்ளைகளோடு வாடகை வீடொன்றில் இருந்தோம். நான் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குரைஞர். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் மனநோய்ப் பிரிவில் டொக்டர். எனக்கு ஒரு பழைய வியாதி இருந்தது. நீதிபதிக்கு முன்னால் எழும்பி நின்றால் வலது கை நடுங்கும். எத்தனையோ வருடம் வழக்காடியும் அது என்னை விட்டுப் போகவில்லை. கடதாசியைக் கையில் பிடித்தால் அது படபடத்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மேசையில் வைத்து அமுக்கிக்கொண்டே பேசுவேன். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் கோப்பையும் சோசரும் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டிருக்கும்.

அன்று அவை கதைக்கவில்லை. அதைத்தான் அவள் கவனித்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கோர்ட்டிலை எழும்பிப் பேசினீங்களோ?"

"பேசாமல் என்ன, வாசல்லை நிண்டு கச்சான் கடலை வித்தனானோ?"

"கை நடுங்கினதோ?"

யோசித்துப் பார்த்தேன். நடுங்கவில்லை. முதல் நாளும் நடுங்கவில்லை. அதற்கு முதல் நாளும் இல்லை. நானே அதைக் கவனித்திருக்கவில்லை.

"பிரஷர் குளிசை எப்ப தொடங்கினீங்கள்?" என்று கேட்டாள்.

அந்த மாதம்தான் எனக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லி வேறொரு டொக்டர் குளிசை எழுதித் தந்திருந்தார். இதயம் தறிகெட்டு ஓடாமல் மட்டுப்படுத்துகிற வகை. என் மனைவி வந்து பக்கத்தில் அமர்ந்து என் கையைப் பிடித்தாள். கலியாணம் முடித்து இத்தனை காலத்துக்குப் பிறகு கையைப் பிடிக்கிறாளே என்று கொஞ்சம் குளிர்ந்துபோனேன். அவள் நாடி பார்த்தாள். பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அவளுடைய ஆய்வு அப்படித்தான் தொடங்கியது. என் கையிலிருந்து என்று நான் பெருமையாகச் சொல்வேன். "கையிலையிருந்து இல்லை, நாடியிலையிருந்து" என்று அவள் திருத்துவாள்.

பிரஷர் குளிசை கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் அடக்கும் என்பது வெள்ளைக்கார டொக்டர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த சங்கதிதான். மேடை ஏறப் பயந்த வாத்தியக்காரர்கள்கூட அதைப் போட்டுக்கொள்வார்களாம். அவள் கேட்டது வேறு கேள்வி. எங்கள் சனத்துக்கு, இந்தப் பட்டணத்தில், இந்தக் காலத்தில், அது உதவுமா என்பது.

அவளுடைய கிளினிக்குக்கு வந்தவர்களில் அரைவாசிப் பேர் வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளை கூப்பிடும்வரை ஓர் அறையில் இரண்டு மூன்று குடும்பமாகக் காத்திருந்தவர்கள். ஒருவராவது "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னதில்லையாம். "பிரஷர் போலை இருக்கு" என்பார்கள். நெஞ்சு இடிக்கிறது, கை வேர்க்கிறது, சோறு தொண்டைக்குள் நிற்கிறது என்பார்கள். அளந்து பார்த்தால் பிரஷர் ஒழுங்காக இருக்கும். எப்போது இப்படி வருகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: லொட்ஜில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவுக்குப் போகும்போது, காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, கதவில் யாராவது தட்டும்போது. தட்டியது பால்காரன் என்று தெரிந்த பிறகும் அன்று முழுவதும் அடங்காது.

புத்தகத்தில் இதற்குப் பதகளிப்பு நோய் என்று பெயர். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

"பயப்பட வேண்டிய இடத்திலை பயப்பிடுறவனுக்கு என்ன நோய்? சட்டப்படி பார்த்தால் அது நியாயமான பயம்," என்றேன்.

"நியாயமான பயமெண்டாலும் சோறு இறங்கவேணுமே," என்றாள் அவள்.

வாதத்தில் அவளை வெல்வது லேசில்லை. புதுக்கடையில் நான் பார்த்த எத்தனையோ கறுப்புக் கோட்டுக்காரர்கள் அவளுக்குக் கிட்டவும் வரமாட்டார்கள்.

ஆய்வுக்கு அவளுடைய பேராசிரியர் சம்மதித்தார். சம்மதத்தோடு ஒரு நல்ல செய்தியும் சொன்னார். ஆய்வு ஒழுங்காக முடிந்து கட்டுரை வந்தால், இங்கிலாந்தில் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பயிற்சி இடம் எடுத்துத் தரலாம், குடும்பத்தோடு போகலாம் என்றார். அந்தக் காலத்தில் கொழும்பில் பெண்பிள்ளைகளை வைத்திருந்த தமிழ்த் தகப்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூத்தவள் ரியூஷன் முடிந்து வரப் பத்து நிமிடம் பிந்தினால் நான் ஒழுங்கை முனைக்கும் வீட்டுக்கும் நடந்து செருப்பைத் தேய்ப்பேன். அன்றிலிருந்து அந்த ஆய்வு எனக்கும் உயிராகிப் போனது.

ஆய்வின் முறை இதுதான். அரைவாசிப் பேருக்கு உண்மையான மருந்து. மற்ற அரைவாசிக்கு, பார்வைக்கு அதேபோல இருக்கும், ஆனால் மருந்தில்லாத குளிசை. யாருக்கு எது என்பது போத்தலில் அடைக்கிற மருந்தாளருக்கு மட்டுமே தெரியும். நோயாளிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். தொய்வு, அதாவது மூச்சு இழுக்கிற வருத்தம், உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டாள். அவர்களுக்கு இந்த மருந்து ஆகாது, சிலவேளை ஆளையே கொண்டுபோய்விடும்.

பேராசிரியர், நோயாளிகளுக்கு அதிகம் விளக்க வேண்டாம், மருந்து என்று மட்டும் சொல்லிக் கொடு, கையெழுத்துப் போடுவார்கள் என்றார். இவள் கேட்கவில்லை. தெரியாமல் ஒருவருடைய வாயில் ஒன்றும் போடமாட்டேன் என்று நின்றாள். அந்த விளக்கத்தை இராச்சாப்பாட்டு மேசையில் எங்களை வைத்துப் பழகினாள்.

"இந்தக் குளிசையிலை மருந்து இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் எண்டால் ஆர் காணும் வாங்குவான்? சாட்சிக் கூட்டிலை நிக்கிறவன் மாதிரிக் கதைக்கிறீர்," என்றேன்.

"வெற்று மாத்திரை எண்டு சொல்லட்டோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "மாக்குளிசை எண்டு சொல்லுங்கோ அம்மா," என்றாள் சின்னவள். வெறும் மாவில் செய்த குளிசை என்று அர்த்தம்; அந்தச் சொல் நிலைத்துவிட்டது. சிலருக்கு மருந்துக் குளிசை, சிலருக்கு மாக்குளிசை, ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது, விருப்பமில்லையெண்டால் வேண்டாம், அப்பவும் உங்களைப் பார்ப்பன். இதை ஒவ்வொருவருக்கும் இருத்திவைத்துச் சொன்னாள். அவசரப்படுத்தாமல், திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லி, அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு மெத்தப் பிடிக்கும். என் கட்சிக்காரர்களுக்கு நான் அப்படி எதையும் விளங்கப்படுத்தியது கிடையாது.

சில மாதங்கள் நன்றாகவே போயின. குளிசைப் போத்தல்கள் நிறைந்த பையோடு அவள் பஸ்ஸில் ஏறிச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுவாள். "மே மொனவத?", இது என்ன, என்று ஆமிக்காரன் ஒரு போத்தலைக் குலுக்கினால், "பிரஷர் பெஹெத், மல்லி," பிரஷர் மருந்து தம்பி, என்று சிங்களத்திலேயே சொல்வாள். அவன் நம்பாத முகத்தோடு மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் தருவானாம். வீட்டில் அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. லொட்ஜிலிருந்து வருகிறவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள், நித்திரை வருகிறதாம், சாப்பாடு இறங்குகிறதாம் என்றாள். குறிப்பாக ஒரு லொட்ஜ். அங்கிருந்து வந்த அத்தனை பேரும் சுகமாகிக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எங்கே மலிவு என்று புறக்கோட்டையில் விசாரித்தும் வைத்திருந்தேன்.

அத்தனை பேரும் சுகமாவது சரியில்லை என்று அவளுக்கு உறுத்தியிருக்கிறது. அரைவாசிப் பேருக்கு மாக்குளிசை அல்லவா? ஒரு நாள் காலை, அந்த லொட்ஜிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா தன் மச்சாளோடு கனடாவுக்கு ஸ்பொன்சர் சரிவரும்வரை காத்திருந்தவர்.

"குளிசை எப்பிடி அம்மா எடுக்கிறனீங்கள்?"

"சாப்பிட்டாப்பிறகு பிள்ளை. எல்லாரும் ஒண்டா இருந்துதான் எடுக்கிறம்."

"எல்லாரும் எண்டால்?"

அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்றே அவருக்குத் தோன்றவில்லை. "நீங்கள்தானே சொன்னனீங்கள், சில ஆக்களுக்கு மாக்குளிசைதான் கிடைக்குமெண்டு. ஒருத்தருக்கு மருந்து, மற்றவவுக்கு மா எண்டால் ஒரு அறைக்குள்ளை இருந்துகொண்டு எப்பிடிப் பிள்ளை மனம் வரும்? அதுதான் எல்லாற்றை போத்தலையும் ஒண்டாக் கொட்டிக் கலந்தனாங்கள். கையிலை வாறது அவரவருக்கு. எண்டாலும் இண்டைக்கு மா வந்தால் நாளைக்கு மருந்து வருமெல்லோ."

கனநாளாகவே இது நடந்திருக்கிறது. ஆய்வில் சேராதவர்களுக்கும் பயம் கூடிய நாட்களில் ஒன்றிரண்டு கொடுத்திருக்கிறார்கள்.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "லொட்ஜிலை ஆருக்கும் தொய்வு இருக்கோ?"

"இருக்கு. மேல் அறை ஐயாவுக்கு. பாவம், அவருக்கும் நெஞ்சிடி. அவருக்கும் குடுக்கிறனாங்கள்."

கோர்ட் கன்ரீனுக்குப் போன் வந்தது. "வெள்ளவத்தைக்குப் போகவேணும், உடனை வாங்கோ," என்றாள். நான் வழக்கைத் தவணைக்குப் போட்டுவிட்டு ஓடினேன். மேலே சொன்னதெல்லாம் ஓட்டோவில் அவள் சொல்லிக்கொண்டு வந்ததுதான். இங்கிலாந்து கைநழுவிப் போகிறது என்பது கொள்ளுப்பிட்டி தாண்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவள் வாயிலிருந்து ஆய்வு என்ற சொல்லே வரவில்லை. "அந்த மனிசன், அந்த மனிசன்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த மனிதர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். கட்டிலில் முன்னுக்குக் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டார். "கடல் காத்து ஒத்துவரேல்லை எண்டு நினைச்சன் டொக்டர்," என்றார். அதே ஓட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இரண்டிலும் அவள் இறங்கி, சிங்களத்தில் நிதானமாகப் பேசி, நேரம் போகாமல் எங்களைக் கடத்திவிட்டாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அவளோடு நானும் லொட்ஜுக்குத் திரும்பிப் போனேன். சாமிப் படத் தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய ஜாம் போத்தல் இருந்தது. பாதிக்கு மேல் குளிசை. அதைத் தூக்கி எறியவும் முடியாது. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு முன்னையதைவிட மோசமாக அடிக்கத் தொடங்கும். யார் எவ்வளவு விழுங்கியிருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனவே எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாடி பார்த்து, கிளினிக்குக்கு வரச் சொல்லி, பிறகு பல வாரம் தன் பொறுப்பில் வைத்துக் குளிசையை மெல்ல மெல்லக் குறைத்தாள். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். பார்வையாலேயே அடக்கிவிட்டாள்.

மிச்சம் வீட்டில் நடந்தது. பேராசிரியர் சொன்ன யோசனையை அவளே எனக்குச் சொன்னாள். கிடைத்த முடிவுகள் நல்ல முடிவுகள், லொட்ஜில் நடந்தது யாருக்கும் தெரியாது, அப்படியே எழுதி அனுப்பு என்றாராம். எனக்கு அது தேவவாக்காகப் பட்டது.

"நீர் கண்ணாலை கண்டனீரோ அந்தச் சனம் கலந்ததை? அந்த மனிசி சொன்னது கேள்விச் சாட்சி. கோர்ட்டிலை எடுபடாது."

"ஜாம் போத்தலைக் கண்டனான்."

"போத்தலுக்குள்ளை இருந்தது உம்முடைய குளிசைதான் எண்டு ஆர் சொன்னது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "என்ரை கட்டுரையை நம்பி நாளைக்கு ஒரு டொக்டர் இந்த மருந்தை எழுதிக் குடுப்பார். வாங்கி விழுங்கப்போறது ஆர்? உங்களை மாதிரி ஒரு மனிசன்தான். அந்த மனிசன்ரை பெண்சாதிக்கு நான் என்ன சொல்லுறது?"

"எங்கடை பிள்ளையளுக்கு என்ன சொல்லப்போறீர்?" என்று கத்தினேன். அடுத்த அறையில் பிள்ளைகளின் பேச்சு நின்றது.

அவள் கண் கலங்கியிருந்தது. "பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லுவன்," என்றாள். "வேறை என்ன சொல்ல?"

ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் லொட்ஜுக்காரர்கள்; அவர்கள் எல்லாரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். மிஞ்சியவர்கள் ஏதாவது சொல்லப் போதாத ஒரு கைப்பிடி. இங்கிலாந்து இடம் வேறொருவருக்குப் போனது. நான் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாதிருந்ததற்காக இன்றும் வெட்கப்படவில்லை. எனக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. ஆனால் டொக்டர்மாரின் கூட்டமொன்றில் அவள் அந்தத் தோல்வியைத் தானே எழும்பிச் சொல்லப்போகிறாள் என்று அறிந்தபோது, கோபத்தோடேயே கூடப் போனேன்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து கேட்டேன். வெற்றியைச் சொல்கிறவர்கள் பேசுகிற அதே குரலில் சொன்னாள். ஒவ்வொரு நோயாளியும் தனியாக ஓர் அறையில் இருந்து தன் மருந்தைத் தானே எடுப்பார் என்று நினைத்து இந்த ஆய்வை வகுத்தேன், அப்படி வாழ்கிற ஒருவரும் என் கிளினிக்கில் இல்லை என்பதை யோசிக்கவில்லை, பிழை என்னுடையது என்றாள். ஒரு மூத்த டொக்டர் எழும்பி, நோயாளிகள் உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாமா என்று கேட்டார். "இல்லை, அவர்கள் நான் சொன்னதை முழுதாக நம்பினார்கள்," என்றாள். பலர் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர், யாரென்று தெரியாது, என்னிடம் குனிந்து, "கெட்டிக்காரி" என்றார். என் பெண்சாதி என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வயதான அம்மாவும் மச்சாளும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விசா சரிவந்துவிட்டது, மறுநாள் பயணம். பருத்தித்துறை வடையும் கதலி வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இவர்கள் பிளேன் ஏறுகிறார்கள், என் பிள்ளைகள் இங்கே ஒவ்வொரு நாளும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். சூடாக இரண்டு வார்த்தை கேட்காமல் அனுப்புவதில்லை என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அதற்குத் தேவையே இருக்கவில்லை. அந்த அம்மாவே கேட்டார். வந்ததிலிருந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தவர், தேத்தண்ணியைத் தொடாமல், என் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, நான் ஒண்டு கேக்கவேணும். எங்களாலை உங்கடை படிப்பு ஏதும் பழுதாப் போச்சுதோ? ஆஸ்பத்திரியிலை ஒரு நேர்ஸ்பிள்ளை அப்பிடித்தான் சொன்னவ."

நான் தொண்டையைச் செருமினேன். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லையம்மா. ஆர் சொன்னது? எல்லாம் நல்லா முடிஞ்சுது. நாங்களும் வாற வருசம் லண்டன் போறம்."

இவ்வளவு சுலபமாக, இவ்வளவு அழகாக அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கட்டுரையில் ஒரு வரியை மாற்றமாட்டேன் என்று எங்கள் நாலு பேருடைய பயணத்தையும் விட்டவள் இவள்.

அந்த அம்மா எழும்பி வந்து அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்பாடா! அதுதான் பிள்ளை இவ்வளவு நாளும் நெஞ்சை அடைச்சுக்கொண்டு கிடந்தது. இனி நிம்மதியாப் போவன்," என்றார். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். என் பிள்ளைகளைக் கூப்பிட்டு முத்தம் கொடுத்தார்.

அவர்கள் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை நாங்கள் கேற்றடியில் நின்றோம். அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

"பேராசிரியருக்காகப் பொய் சொல்லேல்லை, எனக்காகச் சொல்லேல்லை, பெத்த பிள்ளையளுக்காகவும் சொல்லேல்லை," என்றேன். "அந்த மனிசிக்கு மட்டும் ஏன் பொய் சொன்னீர்?"

அவள் கேற்றைச் சாத்தினாள்.

"நாளைக்கு அவ எயர்போட் போய்ச் சேருறதுக்குள்ளை எத்தினை இடத்திலை இறக்கி நிப்பாட்டுவினம் தெரியுமோ?" என்றாள். "அந்த நெஞ்சிலை இதையும் ஏத்தி விடச் சொல்லுறீங்களோ?"